'பேட் ஆர்குமெண்ட்' பிறந்த கதை

பள்ளி விடுமுறையில் ரோப்லாக்ஸ் ஸ்டூடியோவைத் திறந்து சொந்தமாக ஒரு விளையாட்டைக் கட்டிப் பார்க்கும் பிள்ளைகள் ஜொகூர் பாருவின் தாமான்களில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு ஒரு சிவப்பு வரி நன்றாகப் பழக்கம். 'இன்வாலிட் ஆர்குமெண்ட் #1 டு இன்சர்ட் (டேபிள் எக்ஸ்பெக்டட், காட் நில்)'. கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தெரிந்த அண்ணன் யாரையாவது கூப்பிடுவார்கள். இதே வரியின் மூத்த வடிவம் 'பேட் ஆர்குமெண்ட்' என்று தொடங்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதோ ஒரு கட்டுரையின் தகவற்பெட்டி உடைந்து கிடக்கும்போது, அந்தப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அது தலைகாட்டும்.

யாரும் அதைப் பொறுமையாகப் படிப்பதில்லை. படித்தால் தெரியும், கணினி உலகத்தில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட வாக்கியங்கள் குறைவு. எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாய், அதற்கு நீ கொடுத்தவற்றில் எத்தனையாவது தவறு, அங்கே என்ன வேண்டியிருந்தது, நீ என்ன கொடுத்தாய். நான்கே தகவல், ஒரே வரி. பெரிய பெரிய நிறுவனங்களின் மென்பொருள் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று சொல்லி நழுவும் காலத்தில் இது ஒரு மரியாதை.

இந்த வரியின் ஊர் ரியோ டி ஜெனீரோ. வளர்த்தது ஒரு பல்கலைக்கழகம். பிறக்கக் காரணமாக இருந்தது ஒரு எண்ணெய் நிறுவனம்.

அந்தக் கதைக்குப் போகும் முன், இந்த வரி எந்த வாசலில் நின்று பேசுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய நிரல் இருக்கிறது. விளையாட்டு, தரவுத்தளம், இணைய வழங்கி, எதுவாகவும் இருக்கலாம். அது பெரும்பாலும் சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டிருக்கும். வேகமானது, முரடானது. அதற்குள் ஒரு குட்டி மொழியைக் குடிவைக்கிறார்கள். பயனர்கள் அந்தக் குட்டி மொழியில் நாலு வரி எழுதித் தங்களுக்கு வேண்டியபடி பெரிய நிரலை ஆட்டிவைக்கலாம். பெரிய நிரலை ஹோஸ்ட் என்பார்கள். நாம் தாய் நிரல் என்று வைத்துக்கொள்வோம். குட்டி மொழியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், உண்மையில் ஓடுவது தாய் நிரலுக்குள் இருக்கும் சி ஃபங்ஷன். கூப்பிடும்போது கொடுக்கும் பொருள்கள்தான் ஆர்குமெண்ட்.

சிக்கல் எங்கே என்றால், குட்டி மொழியில் ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைக் கூடவே சுமந்துகொண்டிருக்கும். 'நான் எண்', 'நான் சரம்', 'நான் அட்டவணை' என்று அதுவே சொல்லும். சி-யில் அந்தப் பேச்சே கிடையாது. எட்டு பைட் என்றால் வெறும் எட்டு பைட். அதை எண்ணாக எடுத்துக்கொள்வதும் நினைவகத்தின் முகவரியாக எடுத்துக்கொள்வதும் எழுதியவர் பாடு. சரத்தை எண் என்று நம்பி எடுத்தால் குப்பை வரும். எண்ணை முகவரி என்று நம்பிப் போனால் தாய் நிரலே விழுந்து நொறுங்கும். அல்லது நொறுங்காமல், பக்கத்திலிருக்கும் எவருடைய தரவையோ சத்தமில்லாமல் கெடுத்துவைக்கும். இரண்டாவதுதான் மோசம்.

ஜொகூர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடவுச்சீட்டு இல்லாமல் போய்வந்தார்கள். 1965-இல் சிங்கப்பூர் தனியாகப் பிரிந்தது. 1967-இல் குடிநுழைவுச் சோதனை வந்தது. ஆட்சி இரண்டானால் வாசலில் ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும். குட்டி மொழியிலிருந்து சி-க்குள் போகும் மதிப்போ தன் கடவுச்சீட்டை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகிறது. உள்ளே போன பிறகு 'நீ யார்' என்று கேட்க வழியே இல்லை. அதனால் வாசலில் பார்த்தால்தான் உண்டு.

இப்போது ரியோ.

பிரேசில் 1977 முதல் 1992 வரை கணினித் துறையில் ஒரு கடுமையான கொள்கையைக் கடைப்பிடித்தது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்று வெளிநாட்டுக் கணினிக்கும் மென்பொருளுக்கும் தடுப்புச் சுவர். ஒரு நிறுவனம் வெளியிலிருந்து மென்பொருள் வாங்க வேண்டுமென்றால், உள்ளூரில் அதைச் செய்ய முடியாது என்று நிரூபிக்க வேண்டும். அலையாய் அலைவதைவிட உள்ளூரிலேயே எழுதச் சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ், ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த டெக்கிராஃப் என்ற கணினி வரைகலைக் குழுவிடம் போனது. அந்தக் குழு 1987-இல் தொடங்கியது. பெட்ரோபிராஸ் அதன் பெரிய வாடிக்கையாளர்.

வேலை என்ன? பொறியாளர்களிடம் பழைய கணக்கீட்டு நிரல்கள் இருந்தன. அவற்றுக்கு உள்ளே போடும் தரவு எண்களின் நீண்ட வரிசை. ஒரு எண் இடம் மாறினால் போதும், மொத்தக் கணக்கும் கோணலாகும். எண்களைத் திரையில் பார்த்து நிரப்ப நல்ல படிவங்கள் வேண்டும், நிரப்பும்போதே தவறைப் பிடிக்கவும் வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாகப் படிவம் எழுதி மாளாது என்பதால், டெக்கிராஃப்காரர்கள் படிவத்தை விவரிக்க ஒரு குட்டி மொழியையே செய்தார்கள். அதன் பெயர் டெல். ஆண்டு 1992.

டெல்லில் எழுதிய ஒரு மாதிரி இன்றும் படிக்கக் கிடைக்கிறது. குழாய் இணைப்பில் கசிவு வராமல் வைக்கும் காஸ்கெட்டைப் பற்றியது. முதல் பகுதியில் காஸ்கெட்டுக்கு என்னென்ன விவரம் உண்டு என்ற பட்டியல்: என்ன பொருளால் ஆனது, அது ஒரு சரம், 'எம்' என்ற ஒரு காரணி, அது ஒரு பின்ன எண், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 0, முகப்பின் வகை, அது ஒரு முழு எண், சொல்லாவிட்டால் 1. இரண்டாம் பகுதியில் நிபந்தனைகள்: இந்த அளவு 30-ஐவிடப் பெரிதாகவும் 3000-ஐவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும், அந்த அளவு 335.8-க்கும் 2576.8-க்கும் நடுவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிரல். வகை, இயல்பு மதிப்பு, எல்லை. இன்றைக்கு ஆர்குமெண்ட் சோதனை என்று நாம் சொல்வதன் மூன்று உறுப்பும் அந்தக் காஸ்கெட்டில் முழுதாக இருக்கின்றன. மொழிதான் இன்னும் மொழியாகவில்லை: அதில் 'இப்படியென்றால் அப்படி' கிடையாது, சுழற்சி கிடையாது.

பக்கத்து மேசையில் இன்னொரு மொழி வளர்ந்தது. தோண்டிய கிணறுகளின் பாறை அடுக்குகளை விவரிக்கும் அறிக்கைகளைப் பொறியாளர்கள் தங்களுக்கு வேண்டிய அமைப்பில் வரவழைக்க ஒரு நிரல் எழுதப்பட்டது. அதற்குள் வைத்த மொழி சோல். இதில் வகைகளைப் பயனரே அறிவிக்கலாம். 'டிராக் என்று ஒரு வகை. அதில் எக்ஸ் ஒரு எண், ஒய் ஒரு எண், சொல்லாவிட்டால் 23' என்பது போல. சோல் எழுதி முடிக்கப்பட்டது. யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. ஏனென்றால் அதற்குள் இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே ஆசை வந்துவிட்டது. எங்களுக்கு நிபந்தனை வேண்டும், சுழற்சி வேண்டும், ஃபங்ஷன் வேண்டும், ஒரு முழு மொழியே வேண்டும்.

1993-இன் நடுவில் ரொபெர்த்து இயெருசாலிம்ஷி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் உட்கார்ந்து பேசி, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். வெளியில் கிடைத்த மொழிகளையும் பார்த்தார்கள். பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் செய்த டிசிஎல் இருந்தது. அதன் நடை பழக்கமில்லாதது, தரவை விவரிக்க வசதி குறைவு, அப்போது யூனிக்ஸில் மட்டும் ஓடியது. பெட்ரோபிராஸில் டாஸ் கணினிகளும் இருந்தன. லிஸ்ப் வகை மொழிகளின் அடைப்புக்குறிகளைப் பொறியாளர்கள் தாங்க மாட்டார்கள். பைத்தான் அப்போது குழந்தை. ஆகவே சொந்தமாக ஒன்று. சோல் சூரியன் என்பதால் இதற்கு நிலா, போர்த்துகீசிய மொழியில் லுவா, என்று ஒரு நண்பர் பெயர் சொன்னார்.

காஸ்கெட் நிபந்தனைகள் என்னவாயின? புது மொழியில் வகை அறிவிப்பே இல்லை. அதைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு தந்திரம் வைத்தார்கள்: @ குறி போட்டு டிராக் என்று எழுதி, வளைந்த அடைப்புக்குறிக்குள் விவரங்களைக் கொடுத்தால், லுவா அந்த விவரங்களை ஓர் அட்டவணையாக்கி, டிராக் என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைக்கும். அந்த ஃபங்ஷன் அட்டவணையைப் பார்த்து, தவறு இருந்தால் கத்தும், விட்டுப்போனதை நிரப்பும். சோதனை என்பது மொழியின் விதியாக இல்லாமல், வாங்கிக்கொள்பவரின் வேலையாக மாறிய இடம் இதுதான். என்னைக் கேட்டால் முழுக் கதையின் திருப்பமும் இங்கேதான். @ குறி பின்னால் போய்விட்டது. ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் வளைந்த அடைப்புக்குறியைப் போட்டு அழைக்கும் வழக்கம் மட்டும் இன்றைய லுவாவிலும் இருக்கிறது.

சரி, சி பக்கம் என்ன நடந்தது? 1994-இல் பொதுவில் வெளியான லுவா 1.1-இன் கணித நூலகத்தைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் பாசமும் வரும். சைன் ஃபங்ஷன் முதல் ஆர்குமெண்டைக் கேட்டு வாங்குகிறது. வரவில்லையென்றால் 'சைனுக்குக் கொடுத்தது போதவில்லை' என்று ஒரு பிழை. வந்தது எண் இல்லையென்றால் 'சைனுக்குக் கொடுத்தது சரியில்லை' என்று இன்னொரு பிழை. அதற்குப் பிறகுதான் கணக்கு. கீழே கொசைன், அதிலும் அதே வரிகள், பெயர் மட்டும் மாறியிருக்கும். அதற்குக் கீழே டேன்ஜெண்ட். அப்படியே வரிசையாகக் கையாலேயே நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இடையில் ஒரு செய்தி: அந்தக் காலத்து லுவாவில் கோணங்களை டிகிரியில்தான் கொடுக்க வேண்டும், ரேடியன் 5.0-இல்தான் வந்தது. பொறியாளர்களுக்காக எழுதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நகலெடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். எங்காவது ஒரு இடத்தில் ஒட்ட மறந்துபோகும். நிறைய ஃபங்ஷன் எழுதுகிறவர் ஒரு கட்டத்தில் 'யார் இதற்குப் போய் எழுத்தைக் கொடுக்கப் போகிறார்கள்' என்று சோதனையை விட்டுவிடுவார். சோதிப்பது சிரமமாக இருக்கும் வரை சோதிக்க மாட்டார்கள். அது மனித இயல்பு. லுவாக்காரர்கள் செய்த நல்ல காரியம், சோதிப்பதைச் சோதிக்காமல் விடுவதைவிடச் சுலபமாக்கியது. 1997 ஜூலையில் வந்த 3.0 பதிப்பில், நூலகம் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு துணை நூலகத்தைச் சேர்த்தார்கள். 'முதல் ஆர்குமெண்டை எண்ணாகக் கொடு' என்று ஒரே ஒரு அழைப்பு. எண்ணாக இருந்தால் கையில் எண் வரும். இல்லையென்றால் அந்த அழைப்பு திரும்பியே வராது. பிழைச் செய்தியை அதுவே கட்டி, ஸ்கிரிப்ட் எழுதியவரிடம் போய் நின்றுவிடும். எடுப்பதும் சோதிப்பதும் ஒரே செயல். சோதிக்காமல் எடுக்க வேண்டுமென்றால்தான் நீங்கள் தனியாக முயற்சி எடுக்க வேண்டும்.

எத்தனையாவது ஆர்குமெண்ட் என்ற எண்ணும் செய்தியில் இந்தத் துணை நூலகத்தோடு வந்து உட்கார்ந்தது. ஃபங்ஷனின் பெயரை எழுதியவர் கையால் கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று ஓடிக்கொண்டிருக்கும் மொழியிடமே விசாரித்துத் தெரிந்துகொள்ளும். சில நேரம் பெயர் கிடைக்காது, அப்போது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். 5.1 பயன்படுத்தியவர்கள் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். 5.2 முதல், ஏற்றப்பட்ட நூலகங்களுக்குள் தேடிப்பார்த்தாவது ஒரு பெயரைக் கண்டுபிடிக்கிறது.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. லுவாவில் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து அதன் ஃபங்ஷனைக் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டால் அந்தப் பொருளே கண்ணுக்குத் தெரியாத முதல் ஆர்குமெண்டாகப் போய்விடும். எழுதியவர் கண்ணுக்கு முதலாவது, சி-யின் கணக்கில் இரண்டாவது. பிழைச் செய்தி யார் கணக்கைச் சொல்ல வேண்டும்? எழுதியவர் கணக்கைத்தான். 5.0-இலிருந்து துணை நூலகம் அப்படிப்பட்ட அழைப்பா என்று பார்த்து, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துச் சொல்கிறது. கழித்து பூஜ்யம் வந்துவிட்டால், பொருளே தவறு என்று வேறு வாக்கியம் பேசுகிறது. நிரல் எழுதாத ஒரு பொறியாளரின் கண்ணால் திரையைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கழித்தல் தோன்றும்.

'நில்' என்பதற்கும் 'நோ வேல்யூ' என்பதற்கும் இடையிலும் அப்படியொரு அக்கறை. வெறுமையைக் கொடுத்தால் 'காட் நில்'. எதுவுமே கொடுக்காமல் விட்டால் 'காட் நோ வேல்யூ'. முதலாவது, உங்கள் மாறிக்குள் எதுவும் இல்லை என்ற துப்பு. இரண்டாவது, நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள் என்ற துப்பு. தேட வேண்டிய இடமே வேறு. ரோப்லாக்ஸின் லுவாவ், 5.1-இலிருந்து கிளைத்து வளர்ந்தது, இரண்டாவதற்கு 'மிஸ்ஸிங் ஆர்குமெண்ட்' என்று தனி வாக்கியமே வைத்திருக்கிறது.

எண் கேட்கும் இடத்தில் "10" என்று மேற்கோளுக்குள் எழுதிக் கொடுத்தால்? லுவா வாங்கிக்கொள்கிறது. சரத்துக்குள் எண் இருந்தால் எண்ணாக்கிக்கொள்ளும். படிவத்தில் தட்டிய எதுவும் முதலில் எழுத்தாகத்தானே வரும். தரவு நிரப்பும் வேலையில் பிறந்த மொழிக்கு அந்தத் தாராளம் இயல்பாகப்படுகிறது. எனக்கு இது பிடிக்காது. கேட்டது எண், வந்தது சரம் என்றால் நிறுத்திக் கேட்பதே நல்லது. ஆனால் முப்பது ஆண்டு வழக்கம். இனி மாற்றினால் உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகள் உடையும்.

மற்ற வீடுகளிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. டிசிஎல்லில் தவறான எண்ணிக்கையில் ஆர்குமெண்ட் கொடுத்தால், எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று மாதிரியையே காட்டும். முழு எண் கேட்டு எழுத்து வந்தால், கேட்டது இது, கிடைத்தது அது என்று சொல்லும். பைத்தானில் 'ஒரு சரம், ஒரு முழு எண்' என்பதை இரண்டே எழுத்தில் குறிப்பிட்டு எல்லா ஆர்குமெண்டையும் ஒரே வரியில் பிரித்தெடுக்கலாம். சுருக்கம்தான். ஆனால் அந்த இரண்டெழுத்துக்கும் நீங்கள் வாங்கி வைக்கும் மாறிகளுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் சி தொகுப்பி கண்டுகொள்ளாது. சோதனையே நினைவகத்தைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும் லுவாவின் வழி கொஞ்சம் வளவளப்பு என்றாலும் என் வாக்கு அதற்குத்தான். வால்டெமார் செலெஸுக்கு அந்த வளவளப்பும் பிடிக்கவில்லையோ என்னவோ, சி தலைப்புக் கோப்பைப் படித்து இந்தச் சோதனை வரிகளைத் தானே எழுதித் தரும் டுலுவா என்ற கருவியைச் செய்தார். பின்னாளில் அதன் வழித்தோன்றலை கோகோஸ் போன்ற விளையாட்டு இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன.

எண்ணும் சரமும் எளிது. சிக்கலானது, தாய் நிரல் தானே உருவாக்கி ஸ்கிரிப்ட் கையில் கொடுக்கும் பொருள்: ஒரு கோப்பு, ஒரு படம், விளையாட்டில் ஒரு பாத்திரம். லுவா அதை யூசர்டேட்டா என்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று லுவாவுக்குத் தெரியாது, அது வெறும் நினைவகத் துண்டு. ரொபெர்த்து 2003-இல் எழுதிய 'ப்ரோகிராமிங் இன் லுவா' நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சி-யில் எண்களின் வரிசை ஒன்றைச் செய்து லுவாவுக்குத் தருகிறார். எல்லாம் ஓடுகிறது. அடுத்த பகுதியில், இதில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று அவரே காட்டுகிறார். வரிசை கேட்கும் ஃபங்ஷனிடம், விசைப்பலகை உள்ளீட்டைக் குறிக்கும் கோப்புப் பொருளைக் கொடுத்தால்? அதுவும் யூசர்டேட்டாதான். வாசலில் 'யூசர்டேட்டாவா?' என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். உள்ளே போய் முதல் இடத்தில் பூஜ்யம் எழுதச் சொன்னால், கோப்பின் உள்ளுறுப்பு ஒன்றின் மேல் பூஜ்யம் விழும்.

தீர்வு, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு முத்திரை. 5.0-இல் வந்தது. பொருளை உருவாக்கும்போது மெட்டாடேபிள் என்ற ஓர் அட்டவணையை முத்திரையாக அதோடு கட்டிவிடுகிறார்கள். வாசலில் அதே மெட்டாடேபிள்தானா என்று பார்க்கிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவரால் யூசர்டேட்டாவின் முத்திரையை லுவா பக்கமிருந்து சாதாரணமாக மாற்ற முடியாது. ஆனால் 5.0-இல் இந்தச் சோதனை தோற்றால் ஃபங்ஷன் வெறும் சுழியைத் திருப்பித் தந்தது. அதைப் பார்த்துப் பிழை எழுப்புவது உங்கள் வேலை. பலரும் பார்க்க மறப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். 2006-இல் வந்த 5.1-இல் அதுவே பிழை எழுப்பத் தொடங்கியது. எண்ணுக்கும் சரத்துக்கும் 1997-இல் கற்ற பாடம் யூசர்டேட்டாவுக்குப் போய்ச் சேர ஒன்பது ஆண்டு.

'திரும்பியே வராது' என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சோதனை தோற்றால் சி-யின் லாங்ஜம்ப் வழியாக ஓட்டம் ஒரே தாவலில் வெளியே போய்விடும். நடுவில் நினைவகம் வாங்கி வைத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. திறந்த கோப்பை மூட ஆளில்லை. அதனால் பழகியவர்கள் ஃபங்ஷனின் தலைப்பிலேயே எல்லா ஆர்குமெண்டையும் சோதித்து முடித்துவிட்டுத்தான் நினைவகத்தில் கைவைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் வாசல் கோட்டைவிட்ட கதை உண்டு. ரெடிஸ் என்ற தரவுத்தளம் தனக்குள் லுவாவை வைத்திருக்கிறது. 2018-இல் அதில் சில பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. ஒன்று ஸ்ட்ரக்ட் என்ற நூலகத்தில். பைட்டுகளைப் பிரித்து எண்ணாக்கும் நூலகம், எழுதியவர் ரொபெர்த்துவே. அங்கே சோதனை இல்லாமல் இல்லை. 'தொடங்கும் இடத்தையும் வேண்டிய அளவையும் கூட்டினால் சரத்தின் நீளத்துக்குள் இருக்கிறதா' என்று கேட்கும் வரி அழகாக இருந்தது. ஆனால் யாராவது மிகப் பெரிய எண்ணைத் தொடங்கும் இடமாகக் கொடுத்தால், கூட்டல் நிரம்பி வழிந்து மறுபடி சிறிய எண்ணாகிவிடும். வாசலில் நின்றவர் சிறிய எண்ணைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டுவிடுவார். திருத்தம் என்ன தெரியுமா? கூட்டலைக் கழித்தலாக மாற்றியது. முதலில் அளவு நீளத்துக்குள் அடங்குகிறதா, பிறகு நீளத்திலிருந்து அளவைக் கழித்தால் தொடங்கும் இடம் அதற்குள் இருக்கிறதா. கழித்தால் வழியாது. அந்த மொழியைச் செய்தவர் எழுதிய சோதனை வரியிலேயே இது நடந்தது என்றால், மற்றவர்கள் எழுதுவதில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு ஓட்டை இருக்கிறது. 2013 மார்ச்சில் விக்கிமீடியா தன் எல்லா விக்கிகளிலும் லுவாவைத் திறந்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அப்போதே வந்துவிட்டது. லுவாவின் சாதாரணச் சர நூலகத்திடம் 'அம்மா' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து: அ, ம, ஒரு புள்ளி, ம, ஒரு கால். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. முதல் நான்கை வெட்டிக் கொடு என்றால் அகரத்தைக் கொடுத்து, மகரத்தின் மூன்றில் ஒரு பங்கையும் கூடவே கொடுக்கும். திரையில் கறுப்புச் சதுரமோ கேள்விக்குறியோ வரும். பிழைச் செய்தி வராது. வராததற்குக் காரணம், வாசலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது: சரம் கேட்டார்கள், சரம் கொடுத்தோம், எண் கேட்டார்கள், எண் கொடுத்தோம். விக்கிமீடியா இதற்காகத் தனியாக ஒரு யூனிகோடு சர நூலகத்தைச் சேர்த்துக் கொடுத்தது. லுவாவிலேயே 2015-இல் 5.3-உடன் யூடிஎஃப்-8 நூலகம் வந்தது. அது கொஞ்சம் கண்டிப்பு. 'அம்மா'வின் இரண்டாவது பைட்டிலிருந்து அடுத்த எழுத்தின் இடத்தைக் கேட்டால், நீ தொடங்கச் சொல்லும் இடம் ஓர் எழுத்தின் நடுப்பகுதி என்று நிறுத்திவிடும்.

எல்லை தாண்டிப் போய் வேலை பார்க்கிறவர்களும், ஸ்கூடாய்ப் பக்கம் இருந்துகொண்டே எழுதுகிறவர்களுமாக, தாய் நிரலுக்குள் லுவாவை வைத்து வேலை செய்யும் தமிழர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் ஃபங்ஷன் தமிழ் எழுத்தை வாங்குகிறது என்றால், 'சரமா' என்பதோடு நிற்காதீர்கள். முறையான யூடிஎஃப்-8 தானா, எழுத்து பாதியில் வெட்டுப்படவில்லையே என்று வாசலிலேயே இன்னொரு வரி போடுங்கள். துணை நூலகத்தில் அதற்கென்றே ஆர்க்செக் என்று ஒன்று தயாராக இருக்கிறது: நிபந்தனை, எத்தனையாவது ஆர்குமெண்ட், அடைப்புக்குறிக்குள் வர வேண்டிய விளக்கம், இவ்வளவுதான் அது கேட்பது. அந்த விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். லுவா ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் அப்படியே அச்சிடும்.